மூன்று சிவப்பு விளக்கு எரிந்தால் துண்டு சுற்றலாமா?

கேள்வி இது: "2007-இல் வாங்கிய எக்ஸ்பாக்ஸ் 360 வீடியோ கேம் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது. போன வாரம் இயக்கியபோது முன்பக்கம் மூன்று சிவப்பு விளக்குகள் மின்னின, டிவியில் படம் வரவில்லை. கனமான துண்டால் சுற்றி அரை மணி நேரம் ஓடவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு வீடியோவில் காட்டுகிறார்கள். இன்னொருவர் போர்டைக் கழற்றி ஓவனில் வைக்கிறார். அண்ணனும் நானும் சேர்ந்து ஆடிய ஆட்டங்கள் அதில் இருக்கின்றன. அண்ணன் இப்போது இல்லை. இரண்டில் எந்த முறை நல்லது?"

எந்த முறை நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அண்ணனைப் பற்றிய வரியைப் படித்த பிறகு, நீங்கள் தேடுவது அந்தப் பெட்டியை அல்ல, அதற்குள் இருப்பதைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதனால் அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். சேமித்த ஆட்டங்கள் மதர்போர்டில், அதாவது சிப்புகள் அமர்ந்திருக்கும் முதன்மைப் போர்டில் இல்லை. உங்கள் மாடலில் ஹார்ட் டிஸ்க் தனி உறையில், பெட்டியின் ஒரு முனையில் பொருத்தப்பட்டிருக்கும். மின் இணைப்பை எடுத்துவிட்டு அதிலுள்ள பொத்தானை அழுத்தினால் முழுதாகக் கழன்று வரும், ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். ஹார்ட் டிஸ்க் இல்லாத மலிவு மாடல் என்றால், முன்பக்கம் செருகும் சின்ன மெமரி யூனிட்டில் இருக்கும். இன்றைக்கே அதைக் கழற்றித் துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள். மூன்று சிவப்பு விளக்கு எரிவதற்கும் அந்த டிஸ்க்கின் நலத்துக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. வேறொரு எக்ஸ்பாக்ஸ் 360-இல் அதைப் பொருத்தினால், அதே புரொஃபைலில் அதே ஆட்டங்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதைக் கழற்றி வைக்கும் வரை துண்டு, ஓவன், ஹீட் கன் எதையும் அந்தப் பெட்டியின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கழற்றிய பிறகும் கொண்டுபோக வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வீடியோக்களில் காட்டுவது பொய் இல்லை. பல நேரம் பெட்டி உண்மையிலேயே உயிர் பெறுகிறது. ஆபத்தே அங்குதான் தொடங்குகிறது.

பதினெட்டு ஆண்டுகளாக மதர்போர்டு பழுதுபார்ப்பதுதான் என் தொழில். லேப்டாப்தான் அதிகம், கன்சோல் எனப்படும் கேம் பெட்டிகளும் வரும். சிப் வடிவமைப்பவன் அல்ல நான், எக்ஸ்ரே கருவியும் என்னிடம் இல்லை. உங்கள் பெட்டியை நேரில் பார்க்கவும் இல்லை. ஆகவே உறுதியாகத் தெரிந்ததையும், ஊகத்தையும் பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானது முதலில். எக்ஸ்பாக்ஸ் 360 அமெரிக்காவில் 2005 நவம்பரில் வந்தது. மூன்று விளக்குப் புகார்கள் குவிந்ததால் 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தப் பழுதுக்கு மட்டும் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டியது. அதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. என்ன பழுது என்று பல காலம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. 2021-இல் அந்த நிறுவனமே வெளியிட்ட ஆவணப்படத்தில்தான் அதன் பொறியாளர்கள் விளக்கினார்கள்: பெட்டியை இயக்கி நிறுத்தும்போது ஏற்படும் சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி, சிப்பின் உள்ளே இருக்கும் இணைப்புகளை உடைத்துவிட்டன.

"உள்ளே" என்ற சொல்லைக் கவனியுங்கள். திரையில் வரும் படத்தை உருவாக்கும் கிராஃபிக்ஸ் சிப் என்று நாம் கையில் எடுப்பது இரண்டு அடுக்குக் கட்டுமானம். மேலே கண்ணாடி போல மின்னுவது சிலிக்கான். அது மிகச் சிறிய சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகம்) புள்ளிகளால் ஒரு பச்சை நிறத் தகட்டில் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தத் தகடு, கண்ணுக்குத் தெரியும் அளவிலான சால்டர் உருண்டைகளால் மதர்போர்டில் ஒட்டப்பட்டிருக்கிறது. சூடு ஏறும்போது சிலிக்கான் விரிவதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு அந்தத் தகடு விரிகிறது. ஒட்டியிருக்கும் இரண்டு பொருள்கள் இப்படி வேறு வேறு அளவில் நீண்டு சுருங்கினால், இழுபடுவது நடுவில் இருக்கும் புள்ளிகள்தான். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பதைப் போல, ஆயிரம் முறை இழுபட்ட பிறகு ஒரு புள்ளியில் மயிரிழை விரிசல் விழுகிறது. அவ்வளவுதான், படம் போய்விடும்.

இப்போது துண்டுக்கு வருவோம். காற்று போகும் வழியை அடைத்துவிட்டு இயந்திரத்தை ஓடவிட்டால் உள்ளே சூடு ஏறுகிறது. சிப்பும் தகடும் விரிந்து வளைகின்றன, விரிசலின் இரு முகங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. மின்சாரம் பாய்கிறது, படம் வருகிறது. சால்டர் உருகி மீண்டும் ஒட்டிக்கொண்டது என்று வீடியோவில் சொல்வது நடக்கவே முடியாத காரியம். ஈயம் சேராத சால்டர் உருகத் தொடங்குவதே சுமார் 217 டிகிரி செல்சியஸில். ஈயம் சேர்ந்த பழைய சால்டருக்கே 183 டிகிரி வேண்டும். பெட்டியின் பிளாஸ்டிக் உறை 100 டிகிரியைத் தாண்டியதும் இளகத் தொடங்கிவிடும். சால்டர் உருகும் சூடு அந்தத் துண்டுக்குள் வந்திருந்தால், உறை உருகி, துண்டு பற்றியிருக்கும். பற்றவில்லை என்றால் சால்டரும் உருகவில்லை.

தொட்டுக்கொண்ட முகங்கள் சில நாள் தாங்கும், சில வாரம் தாங்கும். பிறகு அதே இடத்தில் மீண்டும் பிரியும். இதற்கிடையில் வேறு பாகங்களுக்கு என்ன நேர்ந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. போர்டில் நிற்கும், மின்சாரத்தைத் தேக்கித் தரும் உருளை வடிவக் கெபாசிட்டர்கள் பெரும்பாலும் 105 டிகிரி வரைக்குமே ஆனவை. பத்து டிகிரி சூடு கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்த கணக்கு. ஒரு பழுதோடு இருந்த பெட்டி, மூன்று முறை துண்டு சுற்றிய பிறகு மூன்று பழுதுகளோடு வந்து சேரும். இயங்கும் மின்கருவியின் காற்றுவழியைத் துணியால் அடைப்பது தீ விபத்துக்கு வழி என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். வீடியோவில் அதைச் செய்பவர் பக்கத்து அறைக்குப் போய்விடுவதைப் பார்த்ததால் சொல்கிறேன்.

ஓவன் இன்னும் மோசம். போர்டில் எல்லா இடத்திலும் ஒரே சூடு இருக்கக் கூடாது. சிப்புக்கு வேண்டிய சூடு பிளாஸ்டிக் கனெக்டருக்கு ஆகாது. தொழிற்சாலையிலும் சூட்டைக் கட்டம் கட்டமாக ஏற்றி, உச்சத்தில் ஒரு நிமிடம் அளவுக்கே வைத்து, மெதுவாக இறக்குவார்கள். வீட்டு ஓவனில் 200 என்று திருப்பி வைத்தால் முள் அந்த எண்ணைச் சுற்றி மேலும் கீழும் அலையும். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பத்துப் பதினைந்து ஆண்டுகள் காற்றில் இருந்த சிப் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். திடீரென்று சூடேற்றினால் அந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் சிப்பின் அடுக்குகளைப் பிளந்துவிடும். சோளப்பொரி வெடிப்பதைப் போல என்று தொழிலில் சொல்வார்கள். வெடித்த சிப்பை யாராலும் மீட்க முடியாது. சமைக்கும் ஓவனில், சால்டர் ஒட்டுவதற்காகப் பூசும் ஃபிளக்ஸின் புகையும் பிளாஸ்டிக் புகையும் படிந்த பிறகு அதில் குழந்தைக்குக் கேக் செய்வீர்களா? நான் செய்ய மாட்டேன்.

இதை நான் வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் சூடு காட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒரு கல்லூரி மாணவர் படம் வராத கன்சோலைக் கொண்டுவந்தார். ஹாட் ஏர் கன்னால் சிப்பைச் சூடாக்கினேன், படம் வந்தது, பணம் வாங்கிக்கொண்டேன். மூன்று வாரத்தில் திரும்பி வந்தார். மறுபடி சூடு, மறுபடி படம். இந்த முறை எட்டு நாள். மூன்றாவது முறை சூடு காட்டியபோது போர்டு லேசாக வளைந்து, சிப்பின் கீழே செம்பு ஒட்டுப்புள்ளிகள் பெயர்ந்துவிட்டன. முதல் நாளிலேயே சிப்பை மாற்றியிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய போர்டு அது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், ஆனால் கன்சோலைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை. படம் வந்துவிட்டால் பழுது சரியாகிவிட்டது என்று பொருள் இல்லை. நான் கற்றுக்கொண்டது அந்த மாணவரின் செலவில்.

படம் வருவது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இன்னொரு பழைய எடுத்துக்காட்டு. கேசட் போட்டு ஆடிய காலத்தில், ஆட்டம் வரவில்லை என்றால் கேசட்டைக் கழற்றி உள்ளே ஊதுவோம். வந்துவிடும். ஊதியதால் வந்தது என்று ஒரு தலைமுறையே நம்பியது. உண்மையில் கழற்றி மறுபடி செருகியதால்தான் வந்தது. ஊதிய எச்சிலின் ஈரம் செம்புமுனைகளை அரித்தது, நின்டெண்டோவே ஊத வேண்டாம் என்று சொன்னது. காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்ட வெற்றி, தோல்வியைவிட அதிக நாள் கெடுதல் செய்தது.

துண்டுக்கு அடுத்து உங்களுக்குச் சொல்லப்போவது போல்ட் மாற்றும் முறையாக இருக்கும். சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட் சிங்க்கைப் பிடித்திருக்கும் எக்ஸ் வடிவ ஸ்பிரிங் தகட்டைப் பிடுங்கிவிட்டு, போல்ட்டும் வாஷரும் போட்டு இறுக்குவார்கள். போர்டு வளைவதைத் தடுக்கிறோம் என்பது அவர்கள் வாதம். ஸ்பிரிங் தரும் அழுத்தத்துக்கு ஓர் அளவு உண்டு, கையால் முறுக்கும் போல்ட்டுக்கு அளவே கிடையாது. ஒரு மூலை கூடுதலாக இறுகினால் மேல்மூடி இல்லாமல் நிற்கும் அந்தச் சிலிக்கானின் விளிம்பு உடையும். அழுத்தம் கூடியதால் விரிசல் சிறிது நாள் மூடிக்கொள்ளும், அதனால் இதுவும் வெற்றியாகத் தெரியும். மெமரி சிப் மேல் காசு வைத்து அழுத்துவதும் இதே வகை.

இனி ஊகத்தின் பக்கம். உங்கள் பெட்டியில் உடைந்திருப்பது சிப்பின் உள்ளே உள்ள புள்ளியா, வெளியே உள்ள உருண்டையா, அல்லது மின்சாரம் வழங்கும் பகுதியில் ஏதாவதா என்பதை மூன்று விளக்கை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. மூன்று விளக்கு என்பது பொதுவான வன்பொருள் கோளாறு என்று மட்டுமே பொருள். இரண்டு எரிந்தால் அதிகச் சூடு, நான்கும் எரிந்தால் டிவிக்குப் போகும் கேபிள் சரியாகச் செருகப்படவில்லை. சோனியின் கன்சோலான பிளேஸ்டேஷன் 3-இன் மஞ்சள் விளக்குப் பழுதிலும் இதே தகராறு உண்டு. கிராஃபிக்ஸ் சிப்தான் காரணம் என்று ஒரு சாரார், போர்டில் உள்ள தட்டையான சில கெபாசிட்டர்கள்தான் காரணம் என்று இன்னொரு சாரார். இரண்டும் நடப்பதுண்டு என்பது என் கருத்து. சூடு காட்டினால் இரண்டுமே தற்காலிகமாக வேலை செய்யும் என்பதால், சூடு காட்டிப் பார்ப்பது எது பழுது என்பதைச் சொல்லவே சொல்லாது. அதற்கு மின்னழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும்.

ஆனால் திறக்காமலே நீங்கள் தெரிந்துகொள்ளக்கூடியது ஒன்று இருக்கிறது. மூன்று விளக்குகள் மின்னும்போது, முன்பக்கத்தில் கன்ட்ரோலரை இணைக்க அழுத்தும் சின்னப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, டிஸ்க் தட்டு திறக்கும் பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள். விளக்குகள் மாறி ஓர் எண்ணைக் காட்டும். ஒன்று எரிந்தால் 1, இரண்டு என்றால் 2, மூன்று என்றால் 3, நான்கும் எரிந்தால் 0. பிடித்த பொத்தானை விடாமல் இப்படி நான்கு முறை செய்தால் நான்கு இலக்கம் கிடைக்கும். 0102 என்று வந்தால் சிப் இணைப்பின் மேல் சந்தேகம் வலுக்கும். 0001 என்றால் முதலில் மின்சாரப் பக்கம் பார்க்க வேண்டும். இந்த எண்களின் பொருள் ஆர்வலர்கள் அனுபவத்தில் தொகுத்தது, கைகாட்டியாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல.

மின்சாரப் பக்கம் நீங்களே பார்க்கலாம். செங்கல் அளவிலான அந்த அடாப்டரில் ஒரு விளக்கு இருக்கும். பெட்டி ஓடும்போது பச்சை, நிறுத்தி வைத்திருக்கும்போது ஆரஞ்சு, சிவப்பு என்றால் கோளாறு. நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாக வேண்டாம். உறவினர் யாராவது அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பெட்டி என்றால் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்டேஜைப் படியுங்கள். அங்கத்திய அடாப்டர் நம் ஊர் 230 வோல்டுக்கு ஆனதல்ல. அடாப்டரை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர் 300 வோல்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அடிக்கும். பிளேஸ்டேஷன் 3, 4 இரண்டிலும் இந்தப் பகுதி பெட்டிக்குள்ளேயே இருப்பதால் அவற்றைத் திறப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

வீட்டில் செய்யத் தகுந்த வேலைகள் இல்லாமல் இல்லை. தூசி எடுப்பது, விசிறி மாற்றுவது, சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே பூசிக் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிதாக வைப்பது, இவையெல்லாம் பொறுமை உள்ள யாரும் செய்யலாம். காற்றடித்துத் தூசி எடுக்கும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் 5-இல் மட்டும் இந்த அறிவுரை பொருந்தாது. அதில் பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம் இருக்கிறது. அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும், சிந்திய துளி போர்டையே முடித்துவிடும். எக்ஸ்பாக்ஸ் 360-இல் டிஸ்க் தட்டு திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே உள்ள சின்ன ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், மாற்றிவிடலாம். ஆனால் டிரைவை முழுதாக மாற்றினால் பழைய டிரைவின் சர்க்யூட் போர்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அந்த டிரைவும் மதர்போர்டும் ஒரு ரகசிய எண்ணால் இணைக்கப்பட்டவை. பழைய போர்டு போனால் புது டிரைவில் ஆட்டம் ஓடாது. கீறல் விழுந்த டிஸ்க்கில் பற்பசை தேய்க்கும் வழக்கத்தையும் ப்ளூ-ரே டிஸ்க்கில் காட்ட வேண்டாம். அதில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது.

கடைக்குக் கொண்டுபோவது என்றால், சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊரிலோ, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சிப்பை மாற்றுவீர்களா, அல்லது அதே சிப்பை மறுபடி ஒட்டுவீர்களா?" ரீஃப்ளோ என்பது சூடு காட்டுவது. ரீபால் என்பது அதே சிப்பை எடுத்துக் கீழே புது உருண்டைகள் வைத்து ஒட்டுவது. விரிசல் சிப்பின் உள்ளே இருந்தால் இரண்டாலும் பயனில்லை. ரீபால் செய்யும்போது காட்டும் சூட்டால் உள்விரிசலும் தற்காலிகமாக மூடிக்கொள்ளும், கடைக்காரரே உண்மையாக நம்பிக் கையில் கொடுப்பார். ஒரு மாத உத்தரவாதம் முடிந்த பிறகு விளக்கு எரியும். வேறு நல்ல சிப் போட்டால் மட்டுமே வேலைக்குப் பொருள் உண்டு, அந்தச் செலவு பழைய பெட்டி ஒன்றின் விலையைத் தாண்டலாம்.

தற்காலிக உயிருக்கு நியாயமான பயன் ஓரிடத்தில் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. பிளேஸ்டேஷன் 3-இன் ஹார்ட் டிஸ்க் அந்த ஒரு பெட்டிக்கென்றே பூட்டப்பட்டது, வேறு பெட்டியில் போட்டால் படிக்காது. அங்கே போர்டு செத்தால் சேமித்ததும் போச்சு. அப்படி ஒருவர் வந்தால், சரியான கருவியால் ஒரே ஒரு முறை சூடு காட்டி, கிடைக்கும் சில நாளில் எல்லாவற்றையும் வேறு பெட்டிக்கு மாற்றச் சொல்வேன். பழுதுபார்த்ததாகச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு அந்தத் தேவையே இல்லை.

உங்களுக்கு நான் சொல்லும் வழி, பழைய எக்ஸ்பாக்ஸ் 360 ஒன்றை வாங்குவது. பின்பக்க லேபிளில் மின்சாரம் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். 16.5 என்றால் முதல் காலத்தது, தவிர்த்துவிடுங்கள். 14.2 அதற்கு அடுத்தது. 12.1 என்று இருந்தால் 2008 கடைசியில் வந்த திருத்தப்பட்ட போர்டு, அதில் இந்தப் பழுது மிகவும் குறைவு. உங்கள் ஹார்ட் டிஸ்க் உறையோடு அப்படியே அதில் பொருந்தும். 2010-க்குப் பிந்தைய மெலிந்த மாடல்தான் கிடைத்தது என்றால், உறையைப் பிரித்து உள்ளே இருக்கும் சின்ன டிஸ்க்கை மட்டும் எடுத்து அந்தப் புதிய பெட்டியின் அடியில் உள்ள அறையில் செருகலாம். எதிலும், "டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா" என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்று அழுத்திவிட்டு நிறுத்துங்கள்.

அண்ணனின் புரொஃபைல் திறந்ததும் முதல் வேலையாக அவருடைய சேமிப்புகளை ஒரு யுஎஸ்பி டிரைவில் நகல் எடுங்கள், அந்த வசதி பெட்டியின் அமைப்புகளிலேயே இருக்கிறது. அந்த டிஸ்க்குக்கும் ஏறக்குறைய இருபது வயதாகிறது. இப்போதைக்கு உங்கள் பழைய பெட்டியைத் திறக்காமல் அப்படியே வைத்திருங்கள். நான்கு இலக்க எண்ணையும், லேபிளில் உள்ள ஆம்பியரையும் எழுதி அனுப்பினால், சிப் மாற்றும் செலவுக்கு அது தகுதியானதா என்று என்னால் இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.